தீபாவளிக்கு முன்னால் பன்னிரண்டு நாள்: விட்டுப்போன படங்களைத் தியேட்டரிலேயே பார்த்துவிட முடியுமா?

மலைக்கோட்டை
19 அக்டோபர் 2024, சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை, வார்டு, அப்புறம் வீட்டில் பிசியோதெரபி என்று இரண்டு மாதம் போன இடம் தெரியவில்லை. இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை வருகிறார். கோயம்புத்தூரிலிருந்து அக்கா வந்திருக்கிறாள், தீபாவளி வரை இருப்பாள். "மதியம் நான் பார்த்துக்கறேன், நீ எங்கேயாவது போய்ட்டு வா" என்கிறாள். எங்கேயாவது என்றால் எனக்குத் தியேட்டர்தான்.

விட்டதைக் கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கிறது. தங்கலான் ஆகஸ்ட் 15. வாழையும் கொட்டுக்காளியும் ஒரே நாளில், ஆகஸ்ட் 23. கோட் செப்டம்பர் 5. லப்பர் பந்து 20. மெய்யழகன் 27. வேட்டையன் அக்டோபர் 10. இதில் முதல் நான்கும் திருச்சியில் எனக்கு எட்டும் தூரத்தில் எங்குமே இல்லை. லப்பர் பந்து ஒரு காட்சி, மெய்யழகன் ஒரு காட்சி, வேட்டையன் மட்டும் தாராளமாக ஓடுகிறது.

31ஆம் தேதி வியாழக்கிழமை தீபாவளி. அன்றைக்கு அமரன், பிரதர், பிளடி பெக்கர், லக்கி பாஸ்கர் நான்கும் வருகின்றன. அதற்கப்புறம் இப்போது ஓடுகிற எதுவும் தங்கப்போவதில்லை. மதியம் இரண்டிலிருந்து ஆறு வரைதான் எனக்கு நேரம். எதை முதலில் பார்க்கட்டும்? கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.


தரைடிக்கெட்
19 அக்டோபர் 2024, இரவு 10.25

தம்பி, அம்மா எழுந்து நடப்பதுதான் முதல் நல்ல செய்தி. லப்பர் பந்தை முதலில் பாருங்கள், அதுவும் திங்கள், செவ்வாய்க்குள். அடுத்த வாரத்துக்கு எந்தப் படத்துக்கு எத்தனை காட்சி என்பதை வார நடுவில்தான் முடிவு செய்வார்கள். ஞாயிறு வசூலைப் பார்ப்பார்கள், திங்கள் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பார்கள். ஐந்தாவது வாரத்தில் ஒரு சின்னப் படம் இன்னும் நிற்கிறது என்றால், பார்த்தவர்கள் வாய்விட்டுச் சொல்லித்தான் நிற்கிறது. அந்த மரியாதைக்காகவாவது தியேட்டரில் பார்க்க வேண்டும்.


அசோக்நகர்
19 அக்டோபர் 2024, இரவு 11.02

என் ஓட்டு மெய்யழகனுக்கு. 25ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வருகிறது. வீட்டில் கிடைக்கத் தொடங்கிய பிறகு அந்த ஒரு காட்சியும் இருக்காது. லப்பர் பந்துக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது.

ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். வெளியான மூன்றாம் நாளுக்குப் பிறகு படத்தில் சுமார் 18 நிமிடம் வெட்டிவிட்டார்கள். நீளம் என்று பலர் சொன்னதால். முதலில் மூன்று மணி நேரத்துக்கு மூன்று நிமிடம்தான் குறைவு. நான் இரண்டையும் பார்த்தேன். வெட்டியது ஓட்டத்தைக் கெடுக்கவில்லை, ஆனால் படத்தின் நிதானத்தில் கொஞ்சம் போய்விட்டது. இரண்டு பேர் விடியவிடியப் பேசுவதுதான் படம். விடிய இன்னும் நேரம் இருக்கிறது என்ற நினைப்பு பார்ப்பவனுக்கும் வர வேண்டும்.


யாழ்க்கடல்
20 அக்டோபர் 2024, ஞாயிறு, காலை 7.15

நான் யாழ்ப்பாணத்தில் முதல் சனிக்கிழமையே பார்த்துவிட்டேன், வெட்டாத படம். அசோக்நகர் சொல்வது சரி. ஜல்லிக்கட்டுக் காட்சி நீளம்தான், எனக்குக்கூட ஒருமுறை மணி பார்க்கத் தோன்றியது. ஆனால் அந்த இரவுப் பேச்சில் கை வைத்திருக்கக் கூடாது.

கதை சொல்ல மாட்டேன். 1996இல் ஒரு குடும்பம் தஞ்சாவூரில் தங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடுவதில் படம் தொடங்குகிறது, இது முதல் சில நிமிடத்திலேயே வந்துவிடும். அங்கே சொத்துப் பிரச்சினை. நாங்கள் 1995 அக்டோபர் 30 இரவு, மழையில், யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தவர்கள். காரணம் வேறு. ஆனால் கதவைப் பூட்டிவிட்டு அந்தத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எல்லோருக்கும் ஒன்றுதான். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டே இருந்தார், விடவில்லை. அவரை எனக்குத் தெரியாது. இடைவேளையில் பிஸ்கட் தந்தார்.

இதை வீட்டில் தனியப் பார்த்திருந்தால் நான் பாதியில் நிறுத்தியிருப்பேன்.


வீட்டுத்திரை
20 அக்டோபர் 2024, மதியம் 1.30

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். நான் ஓசூரில் இருக்கிறேன். மனைவி, ஏழு வயது மகள், நான்கு வயது மகன். மல்டிபிளெக்ஸில் தலைக்கு 190 ரூபாய், முன்பதிவுக் கட்டணம் தனி, பார்க்கிங் தனி, இடைவேளையில் பிள்ளைகள் கேட்பதை வாங்கிக் கொடுக்காமல் இருக்க முடியாது. ஒரு படத்துக்கு 1500 ரூபாய் தாண்டிவிடுகிறது. அந்தப் பணத்தில் வருஷம் முழுக்கப் பார்க்க ஓடிடி சந்தா கட்டலாம்.

மகாராஜா ஜூன் 14இல் வந்தது, ஜூலை 12இல் வீட்டுக்கே வந்துவிட்டது. எண்ணிப் பாருங்கள், சரியாக 28 நாள். பிள்ளைகள் தூங்கிய பிறகு நானும் மனைவியும் பார்த்தோம். கடைசிக் கால்மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தியேட்டரில் பார்த்திருந்தால் இன்னும் கூடுதலாக என்ன கிடைத்திருக்கும் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. மகன் அழுவான், நான் பாதிப் படம் வராந்தாவில் நின்றிருப்பேன். போன வருஷம் ஒரு படத்துக்கு அதுதான் நடந்தது.

நண்பரே, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் அலைந்த உடம்பு. வீட்டில் காலை நீட்டிப் படுத்துப் பார்ப்பதும் பார்ப்பதுதான்.


மலைக்கோட்டை
22 அக்டோபர் 2024, செவ்வாய், இரவு 8.50

இன்று லப்பர் பந்து பார்த்துவிட்டேன். தரைடிக்கெட் அண்ணன் பேச்சைக் கேட்டதற்கு நன்றி.

மதியக் காட்சி, எண்ணினேன், இருபத்து மூன்று பேர். முன்னால் ஐந்து பையன்கள், கல்லூரிக்கு மட்டம் போட்டு வந்தவர்கள் போல. எனக்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு பெரியவர், வேட்டி, மடியில் மஞ்சள் பை. படம் தொடங்கும்வரை கண்ணை மூடியிருந்தார், வெயிலுக்கு ஒதுங்கியவர் என்று நினைத்தேன்.

அட்டகத்தி தினேஷ் மட்டையைப் பிடித்துக்கொண்டு ஆடுகளத்துக்கு வருகிறார். பின்னால் "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" ஒலிக்கிறது. விஜயகாந்தின் பொன்மனச் செல்வன் படப் பாட்டு, 1989, இளையராஜா. அந்தப் பையன்கள் விசில் அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், அடித்தார்கள். அந்தப் பெரியவர் எழுந்து நின்றார். கத்தவில்லை, ஆடவில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். பாட்டு முடியும்வரை அப்படியே நின்றார். விஜயகாந்த் போய்ப் பத்து மாதம் ஆகிறது. பையன்களில் ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டு மற்றவர்களைத் தட்டினான். அடுத்த முறை அந்தப் பாட்டு வந்தபோது அவர்களும் எழுந்து நின்றார்கள்.

வீட்டுத்திரை நண்பரே, நீங்கள் சொன்ன பணக்கணக்கில் எனக்கு மறுப்பே இல்லை. நான் தனி ஆள், ஒரு டிக்கெட், பைக்கில் போய்வந்தேன். ஆனால் தியேட்டரில் கூடுதலாக என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். இதுதான் எனக்குக் கிடைத்தது.

படத்தைப் பற்றி ஒரு வரி: மாமனாரும் மருமகனும் ஆகப்போகிற இரண்டு ஆண்களின் வீம்பை வைத்துத் தொடங்கி, யாரை அணியில் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்ற இடத்துக்குப் போகிறார் இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து. சாதியைப் பேசுகிறது, ஆனால் எந்த இடத்திலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பேசவில்லை. ஸ்வாசிகா டிராக்டரில் வரும் காட்சிக்காக மட்டுமே இன்னொரு முறை போவேன்.


தரைடிக்கெட்
22 அக்டோபர் 2024, இரவு 11.48

தம்பி, அந்தப் பெரியவரைப் பற்றிப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நானும் கொஞ்சம் எழுதிவிடுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்க் கொட்டகையில் பதினெட்டு வருஷம் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தேன். நீங்கள் எல்லோரும் "படம் போய்விடும், அதற்குள் பார்க்கணும்" என்று பதறுகிறீர்களே, எங்கள் காலத்தில் அந்தப் பதற்றம் இல்லை. படம் போகாது, வரும். சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் முதலில் ஓடும். அங்கே கூட்டம் குறைந்ததும் அதே படச்சுருள், பிரிண்ட் என்போம், அடுத்த ஊருக்கு இறங்கும். ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்போம். எங்கள் ஊர் சி. தீபாவளிப் படம் எங்களுக்குப் பொங்கலுக்கு வரும், சிலது சித்திரைத் திருவிழாவுக்கு வரும். அதற்குள் பாட்டெல்லாம் ரேடியோவில் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். அறுவடை முடிந்து கையில் காசு வந்த பிறகு படம் வந்தால் எங்கள் முதலாளிக்கும் நல்லது, சனத்துக்கும் நல்லது. பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் கிடந்தவன், வெளியூர் வேலைக்குப் போனவன், யாருமே எதையும் விட்டுவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

பிரிண்ட் போட ஆகும் செலவுதான் இதற்கெல்லாம் காரணம். ஒரு ரீல் ஆயிரம் அடி, பதினோரு நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் பதினான்கு ரீல். தகரப் பெட்டிகளில் பஸ்ஸின் மேல் ஏற்றி வரும். பெட்டி வந்துவிட்டதா என்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நிற்பார்கள். சில நேரம் பக்கத்து ஊருக்கும் எங்களுக்கும் ஒரே பிரிண்ட். அங்கே முதல் ரீல்கள் ஓடி முடிந்ததும் ஒரு பையன் சைக்கிளில் வைத்து எடுத்து வருவான், நாங்கள் அரைமணி தள்ளித் தொடங்குவோம். சைக்கிள் பஞ்சர் ஆன ஒரு நாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி மொத்தக் கொட்டகையும் நாற்பது நிமிடம் பாட்டுப் பாடிக்கொண்டு காத்திருந்தது. ஒருவர்கூட டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

இரண்டு புரொஜெக்டர். திரையின் வலது மேல் மூலையில் சின்ன வட்டம் ஒன்று மின்னும், அதற்கு அடுத்த மெஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும். சில நொடியில் இரண்டாவது வட்டம், அதற்கு மாற்ற வேண்டும். என் கண் இன்னும் அந்த மூலைக்குத்தான் போகிறது.

இப்போது எல்லாம் டிஜிட்டல். பூட்டுப் போட்ட கோப்பு வரும், அதைத் திறக்க ஒரு சாவி, அதுவும் குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட தேதிவரைதான் வேலை செய்யும். நல்ல தொழில்நுட்பம், கீறல் இல்லை, எங்கள் ஊர்க்காரனும் சென்னைக்காரனும் ஒரே வெள்ளிக்கிழமை பார்க்கிறார்கள். அது நியாயம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா ஊரிலும் ஒரே நாளில் தொடங்கி எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் முடிந்துவிடுகிறது. பின்தங்கி வருகிறவனுக்கு என்று இருந்த ஒரு கொட்டகை இல்லாமல் போய்விட்டது.


அசோக்நகர்
23 அக்டோபர் 2024, புதன், காலை 10.10

அண்ணா, இதைத் தனியாக ஒரு கட்டுரையாக எழுதுங்கள்.

எனக்கு அப்படிப் பின்தங்கிப் பார்க்கும் இடமாக உதயம் காம்ப்ளெக்ஸ் இருந்தது. வீட்டிலிருந்து நடந்தே போவேன். பெரிய மாலில் தூக்கிய படத்தை அங்கேயிருந்த மினி உதயம் திரையில் இன்னும் ஒரு வாரம் வைத்திருப்பார்கள், டிக்கெட்டும் குறைவு. இந்த வருஷம் அதுவும் மூடிவிட்டது. நாற்பது வருஷக் கட்டடம். அந்தப் பக்கம் போகும்போது இன்னமும் எந்தப் படம் என்று நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன்.

வீட்டுத்திரை, உங்கள் கேள்விக்கு என் பதில் கொட்டுக்காளி. நான் இரண்டாம் நாள் பார்த்தேன். படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், சேவல், சூரியின் கட்டிப்போன தொண்டை, காற்று, அவ்வளவுதான். அன்னா பென் படம் முழுக்க அநேகமாக வாயே திறப்பதில்லை. அந்த மௌனத்தை முந்நூறு பேர் உட்காரும் இருட்டில் கேட்பது வேறு. முதல் இருபது நிமிடம் ஆட்கள் நெளிந்தார்கள், போனை எடுத்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வைத்துவிட்டார்கள். ஒரு காளை வழியை மறித்து நிற்கும் காட்சியில் மொத்தத் தியேட்டரும் அந்த ஆட்டோவோடு சேர்ந்து காத்திருந்தது. நான்காம் நாள் அங்கே காட்சியைக் குறைத்தார்கள், ஏழாம் நாள் படமே இல்லை. பெர்லின் விழாவுக்குப் போய்வந்த படம். இங்கே ஒரு வாரம்.

அதே நாளில் வந்த வாழைக்குக் கூட்டம் நின்றது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கொட்டுக்காளியைப் பார்க்க நினைத்து மூன்று வாரம் கழித்து நேரம் கிடைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மலைக்கோட்டை ஒருவர்.


வீட்டுத்திரை
23 அக்டோபர் 2024, இரவு 10.05

தரைடிக்கெட் அண்ணன் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். பெட்டி வருவதைப் பார்க்க அவள் அப்பாவும் பஸ் ஸ்டாண்டில் நின்றதாகச் சொன்னாள்.

என் நிலைமை மாறவில்லை, பிள்ளைகள் வளரும்வரை வீட்டில்தான். ஆனால் நீங்கள் சொல்வது எனக்கு இப்போது வேறு மாதிரிப் புரிகிறது. பின்தங்கிப் பார்க்கும் கொட்டகை மூடிய இடத்தில்தான் எனக்கு ஓடிடி வந்து உட்கார்ந்திருக்கிறது. என் போன்றவர்களுக்கு நாலு வாரம் கழித்து 60, 70 ரூபாய்க்கு ஒரு காட்சி என்று எங்கள் ஊரிலேயே இருந்தால் மாதம் ஒரு படத்துக்குக் கண்டிப்பாக வருவேன். கில்லியை இருபது வருஷம் கழித்து ஏப்ரலில் மறுபடி போட்டபோது எவ்வளவு கூட்டம்! பழைய படத்துக்குச் செய்வதைப் போன மாதப் படத்துக்குச் செய்யக் கூடாதா?


மலைக்கோட்டை
24 அக்டோபர் 2024, வியாழன், இரவு 9.30

மெய்யழகனைக் கடைசி நாளில் பிடித்துவிட்டேன். கவுண்டரில் இருந்தவர் "இன்னும் ரெண்டு பேர் வந்தாத்தான் சார் போடுவோம்" என்றார். பத்து நிமிடம் வாசலில் நின்றேன். ஒரு தம்பதி ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தில் நானே டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடலாம் போல இருந்தது.

கல்யாண மேடையில் அரவிந்த்சாமி தங்கைக்கு நகை போட்டுவிடும் காட்சி. ஒவ்வொன்றாக எடுக்கிறார், கடைசியில் கீழே உட்கார்ந்து கொலுசை மாட்டுகிறார். இரண்டு மாதமாக அம்மாவுக்கு நான்தான் காலில் சாக்ஸ் மாட்டிவிடுகிறேன், ரத்தம் கட்டாமல் இருக்க இறுக்கமான சாக்ஸ். குனிந்து உட்கார்ந்து ஒருவர் காலைக் கையில் எடுப்பது எப்படியென்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கதை சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்கும் ஒரு படம் பார்க்கணும்டா" என்றார். ரஜினி படம் ஓடுகிறதா என்று கேட்டார். வேட்டையன் இன்னும் ஆறு நாள்தான் இருக்கும். வாக்கரோடு தியேட்டருக்குக் கூட்டிப்போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


யாழ்க்கடல்
24 அக்டோபர் 2024, இரவு 10.40

முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சரி என்றால், கூட்டம் இல்லாத காலைக் காட்சியாகப் பாருங்கள். தாழ்வான இருக்கை கூடாது, எழும்புவது கஷ்டம், இடுப்புக்கும் நல்லதல்ல. கெட்டியான தலையணை ஒன்று கொண்டு போங்கள். இடைவேளையில் கட்டாயம் எழுப்பி நாலு அடி நடக்கவிடுங்கள். என் தாயாருக்கு இதே முறிவு, நான் பட்டறிந்து சொல்கிறேன்.


தரைடிக்கெட்
24 அக்டோபர் 2024, இரவு 11.05

ஆன்லைனில் போடாதீர்கள். முதல் நாளே நேரில் போய் மேனேஜரைப் பார்த்துச் சொல்லுங்கள். வெளியேறும் கதவு எந்த வரிசைக்கு நேராக இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். அந்தக் கதவைப் படம் தொடங்கும் முன் திறந்துவிட்டால் படியே ஏற வேண்டாம். எங்கள் கொட்டகையில் நான் எத்தனையோ பேருக்குத் திறந்துவிட்டிருக்கிறேன்.


மலைக்கோட்டை
28 அக்டோபர் 2024, திங்கள், மாலை 6.20

இன்று காலைக் காட்சி போய்வந்தோம். டாக்டர் சரி என்றார். மேனேஜர் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார், ஒரு படிகூட இல்லை. யாழ்க்கடல் அக்கா சொன்ன தலையணை மட்டும் இல்லையென்றால் அரைமணிகூட உட்கார்ந்திருக்க முடியாது. என் அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"மனசிலாயோ" பாட்டு வந்தது. அம்மா என் கையைத் தட்டி, "இது மலேசியா வாசுதேவன் குரலாச்சே, அவர் போய் எத்தனை வருஷம் ஆச்சு?" என்றார். 2011இல் போனவர், குரலைச் செயற்கை நுண்ணறிவில் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று காதில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. முரட்டுக்காளை பார்த்தபோது அக்கா வயிற்றில் நான்கு மாதம் என்று அந்தப் பக்கம் திரும்பி அவளிடம் சொன்னார். அதில் வாசுதேவன் பாடிய "பொதுவாக எம்மனசு தங்கம்" வந்தபோது பெஞ்சின் மேல் ஏறி நின்றவர்களால் ஒன்றுமே தெரியவில்லையாம், பாட்டை மட்டும் கேட்டாராம். இந்தக் கதையை எங்கள் இருவருக்கும் இதுவரை சொன்னதில்லை.

அக்கா தீபாவளி முடிந்ததும் கிளம்புகிறாள். அமரனுக்கு நவம்பர் இரண்டாம் வாரம், நடுவார நாளில், காலைக் காட்சிக்கு அம்மாவை நான் தனியாகக் கூட்டிப்போகப் பார்க்கிறேன். திருச்சியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: கைப்பிடியைத் தூக்கிவிடக்கூடிய இருக்கை எந்தத் தியேட்டரில் இருக்கிறது? ஆட்டோ வாசல்வரை வர வேண்டும்.